தாய்மாமன் கொடுத்த காருக்கு பிரேக் பார்த்தவன்

கடலூர் முதுநகரில், உப்பங்கழி ஓரம், கால் வைத்தால் கணுக்கால் புதைகிற மண்ணில் வீடு கட்டினேன். "இங்க கட்டினா சாஞ்சிடும்" என்றார் கொத்தனார். சாயவில்லை. மாடியும் எழுப்பி அதன் மேல் தண்ணீர் டேங்கும் ஏற்றினேன், இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டுகளின் இன்ஜின் பழுது பார்க்க ஷெட் போட்டேன். கடல் ஏறி வந்து அதை வாரிக்கொண்டு போனது. அதே இடத்தில் மறுபடி போட்டேன், இந்த முறை இரும்பில். லாரியிலிருந்து கழட்டிய இன்ஜினைக் கடல் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டில் உட்கார வைத்தேன். "இது ஓடினா நான் மீசைய எடுத்துக்கிறேன்" என்று சொன்னவர் அந்தப் போட்டிலேயே பல வருஷம் மீனுக்குப் போனார், மீசையோடு. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச காலம்தான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷில் நம்பர் மட்டும் தெரியும். அப்படிப்பட்டவன் ஒரே மகளைப் பட்டம் வாங்க வைத்தேன்.

பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் இப்போது எழுத்துக்கூட்டி எழுத உட்கார்ந்தது அந்த வீட்டைப் பற்றியோ ஷெட்டைப் பற்றியோ இல்லை. ஒரு காரின் முன் சக்கரத்து பிரேக்கைப் பற்றி.

மகளைக் கட்டிக்கொடுத்தது சிதம்பரத்தில். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை. அவள் சிதம்பரத்திலேயே ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பல வருஷம் ஓட்டினாள். திடீரென்று ஒருநாள், "அப்பா, வேலைய விட்டுட்டேன். பொம்பளைங்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தர்ற ஸ்கூல் ஆரம்பிக்கப்போறேன்" என்றாள். அவள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் "வண்டிக்கு என்னா பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டேன்.

வண்டிக்கு என் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. மகளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தது அவன், கல்யாணத்துக்கு முதல் மாலை எடுத்துவந்தது அவன். அந்த முறையை அவன் டிரைவிங் ஸ்கூல் வரைக்கும் நீட்டினான். தான் ஓட்டிக்கொண்டிருந்த காரையே சீராகக் கொடுத்துவிட்டான். சும்மா இல்லை, வாழைப்பழம், தேங்காய், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்துப் பெண்கள் முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்து வந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. பெரிய மனசுதான். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

சொல்லித்தருகிற கார் என்றால் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் பெடல் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பதறினால் சொல்லித்தருகிறவர் மிதிக்க. அதையும் போட்டாகிவிட்டது. இனி ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு திங்கட்கிழமை காலை கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சிதம்பரத்தில் வாடகைக்கு இடம் பிடித்தாயிற்று. ஒரு நர்ஸ், ஒரு தையற்காரம்மா, இட்லிக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா என்று பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பார்த்த வேலையையும் விட்டாயிற்று. திங்கட்கிழமை வண்டி தேறாவிட்டால் என் மகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

இந்த நிலைமையில் சனிக்கிழமை சாயங்காலம் அவள் காரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கேட்டது. கர்ர்ர் என்று, இரும்பை இரும்பில் வைத்து அரைக்கிற சத்தம். கையில் இருந்த காப்பியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"எங்கேருந்து இந்தச் சத்தம்?"

"பி.முட்லூர் தாண்டினதும் ஆரம்பிச்சுதுப்பா. மொதல்ல பிரேக் புடிக்கும்போது மட்டும்தான். புதுச்சத்திரம் வந்ததும் புடிக்காமலே கேக்குது." அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குள் மச்சான் வந்துவிட்டான். குனிந்து சக்கரத்து ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தான். "மாமா, பிரேக் பேடு முழுசா இருக்குது. என் வண்டி பிரேக்குல ஒண்ணும் கொறையில்ல. எல்லாம் அந்த ரெண்டாவது பெடலு வேல. அது எங்கயோ ஒரசுது. நாளைக்கு ஞாயித்துக்கெழம, எவன் இருப்பான்? பேசாம ஆய்வாளரு கிட்ட வேற தேதி கேக்கச் சொல்லு."

"தேதி கேக்க மாட்டேன், மாமா" என்றாள் மகள்.

"கேக்க வேண்டியதில்ல" என்றேன் நான். "காலையில பாக்கறேன்."

"போட்டு இன்ஜினுக்கு பிரேக்கு இருக்குதா மாமா?" என்று சிரித்தான் மச்சான். அவன் என்னை மாமா என்கிறான், என் மகள் அவனை மாமா என்கிறாள், எங்கள் வாசலில் யார் மாமா என்று கத்தினாலும் யாராவது ஒருவர் திரும்புவார்கள். நான் திரும்பவில்லை.

காலையில் முதல் வேலை, சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது. உள்ளே உட்கார்ந்து கேட்டால் வண்டி முழுக்க அரைகிற மாதிரி இருக்கும். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு நீளமான மதில் உண்டு. அதை ஒட்டி மகளை மெதுவாக ஓட்டச் சொன்னேன், கண்ணாடியை இறக்கிவிட்டு. மதில் இடது பக்கம் வரும்படி போனபோது சத்தம் சுவரில் மோதி காதுக்குள் வந்து விழுந்தது. திரும்பி, மதில் வலது பக்கம் வரும்படி வந்தபோது பாதி கூட இல்லை. அப்போது இடது பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் இறங்கி, ஒரு கை தண்ணீரை அள்ளி முன் சக்கரத்து ரிம்மில் மட்டும் தெளித்தேன். வலது பக்கம் தண்ணீர் சும்மா வடிந்தது. இடது பக்கம் தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சுர் என்றது.

"பாத்தியா? பெடல விட்ட பிறகும் பேடு விடாம புடிச்சிட்டே வருது. அதான் கொதிக்குது" என்றேன்.

"அப்ப ரெண்டாவது பெடலு?" என்றாள் மகள்.

"அது நிஜமாவே ஒரசினா ரெண்டு பக்கமும் கொதிக்கணும்ல?"

மகள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

சூடு ஆறுகிறவரை காத்திருந்தோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் அண்டக் கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்க வேண்டும். என் முழங்கால் குந்தவிடாது. ஸ்பேனரை மாட்டிப் பிடித்துக்கொண்டேன், மகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனர் கைப்பிடிமேல் ஏறி நின்றாள். "உடைஞ்சிடப்போகுது!" என்று அவள் அம்மா ஜன்னலிலிருந்து கத்தினாள். ஒவ்வொரு நட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் பழைய போட்டின் அடிமரத்துத் துண்டு ஒன்றை வண்டிச் சட்டத்துக்குக் கீழே கொடுத்தேன். எத்தனையோ இன்ஜினுக்குக் கீழே படுத்தவன் நான், எதுக்குக் கீழேயும் நசுங்கினதில்லை. காரணம் இந்த மரத்துண்டு.

சக்கரத்தைக் கழட்டினதும், அதற்குள் வந்து நின்ற மச்சான் குனிந்தான். "நான் சொன்னேன்ல? பாருங்க, பேடு எவ்ளோ தடியா இருக்குது."

வெளிப்பக்கத்துப் பேடு தடியாகத்தான் இருந்தது. டிஸ்க் என்கிற இரும்புத் தட்டுக்கு ரெண்டு பக்கமும் அதை அழுத்தி நிறுத்துகிற ஒவ்வொரு பேடு உண்டு. ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். நான் பேடைப் பிடித்திருக்கிற இரும்புக் கையைக் கழட்டி, பிரேக் ஆயில் டியூப் இழுபடாமல் அதை வலைக் கயிற்றால் மேலே கட்டித் தொங்கவிட்டு, உள்பக்கத்துப் பேடை உருவினேன். அதில் தேய்கிற பட்டையே இல்லை. பின்னால் இருக்கிற தகடு மட்டும். அந்தத் தகடு டிஸ்கின் உள்முகத்தில் கலப்பை ஓட்டின மாதிரி பள்ளம் பறித்திருந்தது.

மகள் அந்தத் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் முழுசா, ஒரு பக்கம் சுத்தமா இல்ல. எப்படிப்பா?"

இதைத்தான் கேட்க வேண்டும். பேடு தேய்ந்தால் புதுப் பேடு போடலாம். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்று பார்க்காவிட்டால் புதுசும் அதே மாதிரி போகும். அந்த இரும்புக் கை, பின் என்கிற ரெண்டு இரும்புக் குச்சிகளில் முன்னும் பின்னும் நகர வேண்டும். நகர்ந்தால்தான் ரெண்டு பேடும் சமமாக அழுத்தும். நான் பின்னை இழுத்தேன், வரவில்லை. திருகினேன், வரவில்லை. குறடு போட்டு, மரச்சுத்தியலால் தட்டி, உடம்பில் இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் மனசுக்குள் சொல்லி, ஒருவழியாக உருவினேன். பின்மேல் இருந்த ரப்பர் ஊறின சுண்டல் மாதிரி உப்பிப்போயிருந்தது. சுற்றிலும் கறுப்பாக மொழுமொழுவென்று கிரீஸ்.

முகர்ந்து பார்த்தேன். இந்த வாசனையோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். போட்டு ஷாப்டுக்கு வைக்கிற கிரீஸ்.

"யாரு இதுல இதை வச்சது?" என்றேன்.

எங்கள் துறைமுகத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். உப்புக்காற்றில் எது சத்தம் போட்டாலும், எது துருப்பிடித்தாலும், ஒரு விரல் கிரீஸ் எடுத்துத் தடவிவிடுவோம். கதவுக் கீலிலிருந்து சைக்கிள் செயின் வரை. போட்டில் அது சரி. ஆனால் கார் பிரேக் பின்னில் இருக்கிற ரப்பருக்கு அந்த கிரீஸ் ஆகாது. ரப்பர் அதைக் குடித்து ஊதும், ஊதினால் பின் இறுகும்.

மச்சான் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "போன மழையில கீச்சு கீச்சுன்னுச்சு மாமா. நம்ம பையன் ஒருத்தன் கழட்டினான். நான்தான் நல்லா வைய்யின்னு சொன்னேன்."

"நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீர் கொடுத்த மனுஷன்.

சாமான் வாங்கப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிறு மதியம்வரை திறந்திருப்பார். ரெண்டு பக்கத்துக்கும் பேடு, பின் ரப்பர், அதற்கென்று இருக்கிற சின்ன பாக்கெட் கிரீஸ், பிரேக் ஆயில் எல்லாம் கிடைத்தது. டிஸ்க் மட்டும் இல்லை. "நாளைக்கு மத்தியானம் வரும் மாமா" என்றார். நாளைக்கு மத்தியானம் எனக்கு எதற்கு?

வீட்டுக்கு வந்து டிஸ்கைக் கழட்டினேன். மகள் அதன் ஓரத்தில் பொறித்திருந்ததை போன் வெளிச்சத்தில் படித்தாள். இதற்குக் கீழே மெலிந்தால் போடக்கூடாது என்று ஒரு அளவு அதிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு நம்பர் தெரியும், அந்த நம்பர் எதற்கு என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் நானே செய்தேன் என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

டிஸ்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு துறைமுகத்து லேத் பட்டறைக்குப் போனோம். மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் ஏற்றிப் பழுது பார்க்கிற மாசம், அதனால் பட்டறைக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. வாசலில் போட்டுக்காரர்கள் ஷாப்டை வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, நான் போட்டு ஷாப்டு கடையறவன். காரு தட்டு கடைஞ்சதே இல்ல" என்றார் லேத்காரர்.

"ஷாப்டு நீளம், இது வட்டம். அவ்ளோதான்."

"இவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க பாருங்க."

"நானும் உக்காந்துக்கறேன்" என்று சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

வரிசையில் இருந்த ஒருவர், "தடைக்காலம் முடியறதுக்குள்ள எங்க வேல முடியணும் பெருசு" என்றார்.

"முடியட்டும். எம் பொண்ணுக்குத் தடைக்காலம் நாளைக்கு காலையிலயே முடியணும்."

அவர் மகளைப் பார்த்தார். கை முழுக்க கருப்பு, நெற்றியில் கருப்பு. "நீயா வண்டி வேல பாக்கற?" என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசித்தார். "எம் பொண்டாட்டிக்கும் ஓட்டச் சொல்லித்தருவியா? சிதம்பரம்தான் அவளுக்கு தாய் வீடு."

"தருவேன்."

"அப்ப அந்தத் தட்ட மொதல்ல கடைஞ்சு குடுப்பா" என்று தன் ஷாப்டை நகர்த்திவைத்தார்.

லேத்காரர் வெர்னியர் வைத்து அளந்தார், மகள் சொன்ன அளவோடு ஒப்பிட்டார். பள்ளத்தைக் கடைந்து எடுத்தாலும் அந்த அளவுக்கு மேலே நிற்கும் என்றார். ரெண்டு முகத்தையும் சமமாக, மெல்லிசாகக் கடைந்தார். சுருள் சுருளாக இரும்பு உதிர்ந்தது. கடைசியில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. மறுபடி அளந்து காட்டச் சொன்னேன். காட்டினார்.

மாட்டுகிற வேலையில் எனக்குப் பதட்டமே இல்லை. பின்னைத் துடைத்து, புது ரப்பரும் சரியான கிரீஸும் போட்டேன், ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. புதுப் பேடுக்கு இடம் வேண்டும் என்பதற்காக உள்ளே இருந்து பேடைத் தள்ளுகிற பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெதுவாகத் தள்ளினேன். அப்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் மகள் பார்த்துக்கொண்டாள். வலது பக்கமும் கழட்டி, டிஸ்க் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பேடு மட்டும் மாற்றினேன். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி இழுக்கும்.

எல்லாம் முடிந்து மகள் பெடலை மிதித்தாள். பெடல் தரை வரை போய்விட்டது.

"அப்பா! பிரேக்கே இல்ல!"

"போச்சு" என்றான் மச்சான். "நான் அப்பவே சொன்னேன், தெரியாத வேலைல கை வைக்காதீங்கன்னு."

"நீ சும்மா இருடா" என்று முதல்முறையாக அன்றைக்குச் சத்தம் போட்டேன். "அம்மா, விட்டு விட்டு மிதி. வண்டி நகரக்கூடாது. பிஸ்டனை நான் உள்ள தள்ளிட்டேன்ல, அது வெளிய வந்து பேடைத் தொடணும்."

மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். எனக்குத் தெரியும், சரியாகும் என்று தெரியும், ஆனாலும் என் கை ஸ்பேனரை இறுக்கிப் பிடித்திருந்தது. பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து கல் மாதிரி நின்றது. பக்கத்து சீட்டுப் பெடலையும் மிதித்துப் பார்த்தேன். அதுவும் கல். ஆயில் அளவு பார்த்து, எங்கேயும் கசியவில்லை என்று பார்த்து, மூடினேன்.

பொழுது சாய்வதற்குள் துறைமுகத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மெதுவாக ஓட்டு, மெதுவாகப் பிடி, ஆறவிடு, மறுபடி ஓட்டு. புதுப் பேடும் கடைந்த டிஸ்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். மதிலை ஒட்டியும் ஓட்டினோம். இன்ஜின் சத்தமும் காற்றும் மட்டும்தான் சுவரில் மோதி வந்தது. மகள் வண்டியை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை சிதம்பரம் போகும்போது பின் சீட்டில் மச்சானும் அவன் அக்காவும், முன்னால் ரெண்டாவது பெடலுக்குப் பக்கத்தில் நான். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. என் கால் தானாகப் பெடல் பக்கம் போனது, தொடுவதற்குள் மகளே நிறுத்திவிட்டாள். நேராக, சத்தமில்லாமல்.

ஆய்வாளர் என் இடத்தில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். நாங்கள் ஓரமாக நின்றோம். நடுவில் அவர் எதுவும் சொல்லாமல் தன் பெடலை மிதித்துவிட்டார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் அப்படியே நின்றது. இறங்கிவந்து, "பழைய வண்டிக்கு பிரேக் ரொம்ப நல்லா இருக்கே. யார் பாத்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் போய்விட்டான். "நம்ம வண்டிதான் சார். ஆரம்பத்துலேருந்தே நல்லா மெயின்டெயின் பண்ணினது."

ஆய்வாளர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகள் அந்தப் பக்கம் பேப்பரை வாங்கிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுந்திருக்காது. என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். மகள் சிரித்துக்கொண்டே வருகிற நேரத்தில் நான் பேசவில்லை.

ஸ்கூல் திறப்பு அன்றைக்கு மைக்கில் தாய்மாமனுக்கு நன்றி சொன்னார்கள், பொன்னாடை போட்டார்கள். எனக்கும் ஒரு நாற்காலி முதல் வரிசையில் இருந்தது, "பெற்றோர்" என்று பொதுவாகச் சொன்னார்கள். பிறகு மச்சான் தானே அச்சடித்துக் கொண்டுவந்த ஸ்டிக்கரைக் காரின் பின் கண்ணாடியில் எல்லோரும் கைதட்ட ஒட்டினான். பெரிய மஞ்சள் எழுத்து. தாய்மாமன் சீர். எழுத்துக்கூட்டி நானும் படித்தேன்.

இன்றைக்கு அந்தக் கார் சிதம்பரத்து வீதிகளில் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் போகிறது. நர்ஸம்மா ஓட்டுகிறார், தையற்காரம்மா ஓட்டுகிறார், போட்டுக்காரர் மனைவியும் சேர்ந்துவிட்டார். அவர்கள் பதறும்போதெல்லாம் என் மகள் பக்கத்து சீட்டில் இருந்து மிதிக்கிறாள், வண்டி நிற்கிறது. பின்னால் வருகிறவன் எல்லாம் தாய்மாமன் சீர் என்று படித்துவிட்டுப் போகிறான். எதனால் நின்றது என்று அவனுக்கு யார் சொல்வது?

மகளே, நீ இதைப் படிப்பாய். மாமன் ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லவில்லை, அது இருக்கட்டும், அவன் முறை அது. அதற்குக் கீழே கண்ணாடியில் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். அங்கே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டு. அதே மஞ்சள், அதே அளவு, ஒரு எழுத்து கூட சின்னதாக இருக்கக்கூடாது. "பிரேக் பார்த்தது அப்பா" என்று போடு. அடுத்த தடவை ஆய்வாளர் வந்து யார் பார்த்தது என்று கேட்டால், உன் மாமன் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்ல வேண்டும். எனக்கு அது வேண்டும்.